வெள்ளிக்கிழமை மட்டும் மௌத்தாகும் கார்

அப்துல் கபூர் ஹாஜியாரின் கார் இதுவரை நான்கு தடவை நடுரோட்டில் மௌத்தாகி, செத்த பிணமாய் நின்றிருந்தது. நான்கு தடவையும் கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல எழும்பி உட்கார்ந்துவிட்டது. ஒரு மனிதன் இப்படிச் செய்திருந்தால் ஊர் கூடிக் கந்தூரிச் சோறு ஆக்கிக் கொடுத்திருக்கும். செய்தது கார் என்பதால், பாவம், ஒரு மெக்கானிக்கின் கடைக்குப் பூட்டு விழப் போகிறது.

"இது கோளாறு இல்ல புள்ள. சதி!" என்று மேசையைத் தட்டினார் ஹாஜியார். மேசையிலிருந்த பிளேன்டீ தளும்பியது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த றாஹிலா கோப்பையைத் தள்ளி வைத்தார். கல்முனை பஸாரில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் அவருடைய துப்பறியும் அலுவலகம். பதினெட்டு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக மோதின வாகனங்களையும், மோதாமலே மோதினதாகச் சொன்ன வாகனங்களையும் சோதித்தவர். இரண்டாவது வகைதான் ஊரில் அதிகம் என்று கண்டுபிடித்ததும், வேலையை விட்டுவிட்டுத் தனியாக வந்து உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயது. குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஜன்னலோரம் நின்றவன் குணம், அவருடைய உதவியாளன். இருபது வருடம் வாகன வயரிங் பார்த்தவன். ஒரு லொறியின் டேஷ்போர்டைக் கழற்றித் திரும்பப் பூட்டியபோது ஒன்பது திருகாணி மிச்சமாகி, அந்த லொறியில் ஹோர்ன் அடித்தால் வைப்பர் ஓடத் தொடங்கிய நாளோடு தொழிலை விட்டவன். வாயை மட்டும் விடவில்லை.

"சதி செஞ்சது ஆரு ஹாஜியார்?" என்று கேட்டார் றாஹிலா.

"தனுசன். எங்கட பள்ளிவாசல் கடையிலதான் பதினொரு வருசமா கராஜ் வெச்சிரிக்கான். என்ட கார் வயர்ல அவன்தான் கை வெச்சான். வெக்கச் சொன்னது ஆரு? மீராமுகைதீன்! என்ட தலைவர் கதிரையில கண்ணு வெச்சிரிக்கிற ஆள். இண்டைக்கு அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை கூடுது. தனுசனக் கடைய விட்டு எழுப்பி விடுறம். அதுக்கு முந்தி 'இது வேணுமெண்டு செஞ்ச வேல'ண்டு ஒங்கட சீல் குத்தின ஒரு ரிப்போட் வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! ஒரு மனிதனின் பதினொரு வருடப் பிழைப்பு ஒரு சீலில் முடிகிற சோலி. குணத்துக்கு உள்ளங்கை அரித்தது.

"கார் எங்க நிண்டிச்சி எண்டு நான் கேக்கல்ல," என்றார் றாஹிலா. "எப்ப எப்ப நிண்டிச்சி?"

"மூணு வெள்ளிக்கிழமை. அடுத்தடுத்து. ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போகக்குள்ள. மறுகா இந்தச் செவ்வாய், மகள நேர்முகப் பரீட்சைக்குக் கூட்டிப் போகக்குள்ள, அம்பாறை ரோட்டுல, வயலுக்கு நடுவுல. புள்ளைக்குக் கொழும்பில கிடைக்க இரிந்த வேல. அநியாயமாப் போச்சி." ஹாஜியார் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். கண் காய்ந்துதான் இருந்தது.

"மத்த நாளெல்லாம்?"

"மத்த நாளெல்லாம் குதிர மாதிரி ஓடும்."

"வெள்ளிக்கிழமை லீவு கேக்குது போல," என்றான் குணம். "முந்தி அரசாங்கத்தில வேல பாத்த காரோ?"

ஹாஜியார் அவனைக் கண்ணாலேயே ஒரு தடவை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். ஒற்றைச் சாவி. அதில் நிறம் போன சின்னப் பிளாஸ்டிக் வில்லை ஒன்று. "அசருக்கு முந்தி," என்று நினைவூட்டிவிட்டுப் படியிறங்கினார்.

"வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில கட்டின கதை மிஸ்," என்றான் குணம். "அவருக்கு வேண்டியது துப்பறிவாளர் இல்ல. ரப்பர் சீல்."

"சீல் நம்மட்டத்தானே இரிக்கி," என்றார் றாஹிலா. "வாங்க, காரப் பாப்பம்."

கீழே நின்றது பதினாறு ஸ்ரீ இலக்கத்தகடு போட்ட, மோர் நிறத்துப் பழைய யப்பான் கார். வயதுக்கு அழகாகத்தான் இருந்தது. குணம் ஓட்டுநர் ஆசனத்தில் ஏறிக் கண்ணை ஓட்டினான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், சாவி போடும் துவாரத்துக்குக் கீழே, கறுப்புப் பலகையில் பிறை பிறையாகக் கீறல். ஒன்று இரண்டு இல்லை, நூறு இருக்கும்.

"ஹாஜியார் பூனை வளக்கிறாரோ?"

றாஹிலா குனிந்து பார்த்தார். ஒற்றைச் சாவியைத் துவாரத்தில் போட்டு, தொங்கிய பிளாஸ்டிக் வில்லையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது இப்படியும் அப்படியும் ஆடியது. கீறல் இருந்த இடத்துக்கு நான்கு விரல் மேலேயே நின்றுவிட்டது.

"கதைக்காமக் கார ஓடுங்க," என்றார்.

காரைதீவுச் சந்தியில் திரும்பி அம்பாறை ரோட்டில் விட்டான் குணம். இரண்டு பக்கமும் வயல். நாற்பது வரைக்கும் கார் நல்ல பிள்ளை. நாற்பத்தைந்தைத் தொட்டதுதான் தாமதம், குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி நடுங்கத் தொடங்கியது. ஸ்டியரிங் ஆடியது, கண்ணாடி ஆடியது, குணத்தின் கன்னச் சதை ஆடியது. ஐம்பத்தைந்தில் நடுக்கம் நின்றது.

"முன் சில்லு பெலன்ஸ் இல்ல. என்ஜினைத் தாங்குற ரப்பரும் செத்துப் போச்சு," என்றான் குணம். "ஆனா மிஸ், நடுங்குது, நிக்குதில்ல."

காரை ஓரங்கட்டி, என்ஜின் மூடியைத் திறந்து, தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினான். என்ஜினை ஓடவிட்டபடியே வயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினான். பற்றரிக் கம்பியை அசைத்தான். ஃபியூஸ் பெட்டியை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினான். டெஸ்ட் லாம்பைக் குத்திப் பார்த்தான். பல்ப் அசையாமல் எரிந்தது. என்ஜின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

"விட்டு விட்டு வாற கோளாறு கள்ளனை விட மோசம். கள்ளன் பொலிசைக் கண்டா ஓடுவான். இது பொலிசைக் கண்டா சம்மணம் கட்டி உக்காந்து திருக்குறள் சொல்லும்."

"கோளாறு எங்க ஒளிச்சிரிக்கி எண்டு தேடுறீங்க குணம். அது கிடைக்காது. வெள்ளிக்கிழமை இரிக்கிறது என்ன, வியாழக்கிழமை இல்லாதது என்ன? அதத் தேடுங்க."

"வெள்ளிக்கிழமை பிரியாணி இருக்கும் மிஸ்."

றாஹிலா போய்க் காரில் ஏறி உட்கார்ந்தார். அவர் சிரிக்காத பகிடிகளைக் குணம் ஒரு கணக்காகவே வைத்துக்கொள்வதில்லை. வைத்திருந்தால் மனம் விட்டுப் போயிருக்கும்.

தனுசனின் கராஜ் பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே, கடற்கரை வீதியில் இருந்தது. அவன் ஸ்பானர்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, மெலிந்த ஆள். இரண்டு நாளாக ஒரு வாகனமும் வரவில்லை என்பது கராஜின் தரையைப் பார்த்தாலே தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்குக் காய்ந்து மண் படிந்துவிட்டது.

"ரிப்போட் எழுதியாச்சா மிஸ்?" என்றான் நிமிராமல்.

"எழுத வந்திரிக்கன். வெள்ளிக்கிழமை என்ன நடந்திச்சி எண்டு சொல்லுங்க தம்பி."

"சொல்ல என்ன கிடக்கு? கார் நிண்டா ஹாஜியார் இறங்கி ஓட்டோவில பள்ளிக்குப் போயிருவார். பள்ளி திறக்கிறது அவர்தானே. மறுகா வீட்டில இருந்து மற்றச் சாவிய எனக்குக் குடுத்து விடுவாங்க. நான் போய்ப் போட்டுத் திருப்புவன். ஒரே அடியில ஸ்டார்ட்! மூணு தரமும் இதுதான். போன சனி பற்றரிக் கம்பி பழசாக் கிடக்கு எண்டு புதுசு போட்டுக் குடுத்தன். செவ்வாய் கார் நிண்டதும் அந்தக் கம்பியால எண்டு ஊர் முழுக்கச் சொல்லிட்டார்."

"செவ்வாய் உங்களக் கூப்பிட்டாரா?"

"இல்ல. அதுதான் எனக்கும் விளங்கல்ல. பத்து மணிக்கு நிண்டதாம். ஒண்டரைக்குத் தானா ஸ்டார்ட் ஆகிச்சாம்." தனுசன் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினான். "மிஸ், என்ட மனுசிக்கு நான் இன்னும் சொல்லல்ல. ஒரு ஆள் கடைய விட்டு எழும்பலாம், இன்னொரு கடை பாக்கலாம். ஆனா 'காரில சதி செஞ்சவன்' எண்ட பேரோட எந்த ஊரில போய் போர்டு போடுறது?"

பகிடி ஒன்று குணத்தின் வாய்வரை வந்து, திரும்பிப் போய்விட்டது.

ஹாஜியாரின் வீட்டுக்குப் பக்கத்திலேயே புது வீடு ஒன்று கட்டி முடிந்து, பெயின்ட் வாசத்தோடு நின்றது. மகள் நிஹ்லாவுக்குக் கட்டியது. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்குக் கொண்டுவருவதுதானே அங்கே வழக்கம். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. வீடு முந்திக்கொண்டது.

நிஹ்லா வாசலில் நின்றே கதைத்தாள். இருபத்தேழு வயது, பொறியியல் படித்த பிள்ளை. கண் வீங்கியிருந்தது.

"அம்பாறையில பதினொரு மணிக்கு நேர்முகம். ஒம்பதரைக்கு வெளிக்கிட்டம். நான் எப்பயும் போல பின் சீட்டில, ஃபைலப் பாத்துக்கிட்டு இரிந்தன். வயலுக்கு நடுவுல கார் நடுங்கிச்சி. என்னமோ கிலுங் கிலுங் எண்டு சத்தம். மறுகா நிண்டிட்டு."

"பஸ்ஸில போயிரிக்கலாமே?"

"ரெண்டு பஸ் போச்சி. வாப்பா விடல்ல. 'இப்பச் சரியாகும் மகள், இப்பச் சரியாகும்' எண்டாரு. அவர் சாவியப் போட்டுத் திருப்பத் திருப்ப, நான் ரோட்டோரம் வெயில்ல நிண்டு அல்லாஹ்ட்ட துஆ கேட்டன்." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "காருக்கு துஆ கேட்ட முதல் ஆள் நானாத்தான் இரிப்பன்."

"திரும்ப ஒரு திகதி கேக்க ஏலாதா?"

"வாகனம் ஏன் நிண்டிச்சி எண்டு ஆதாரத்தோட எழுதிக் குடுத்தா பாப்பம் எண்டு சொன்னாங்க. ஏன் நிண்டிச்சி எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாதே!"

"உங்களுக்குக் கார் ஓடத் தெரியுமா?" என்று கேட்டார் றாஹிலா, சம்பந்தமே இல்லாமல்.

"லைசன்ஸ் எடுத்து நாலு வருசம். ஓடத்தான் விட மாட்டாரு."

றாஹிலா தலையாட்டினார். "அசருக்குப் பிறகு பள்ளிக்கு முன்னால வாங்க மகள். கொஞ்சம் வேல இரிக்கி."

பள்ளிவாசல் வாசலில், பாங்கு சொல்லும் மோதினார் செருப்புத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, ஒடுங்கிய முகம். ஊரிலுள்ள எல்லாருடைய குறையும் தன் தலையில்தான் விழுகிறது என்ற முகம். குணம் போய், "என்ன மோதினார், சுகமா?" என்று கேட்டதுதான் தாமதம், மடை திறந்துவிட்டது.

"சுகமெங்க தம்பி! செவ்வாய்க்கிழமை பகல் ளுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவுற ஹவுழ்ல தண்ணி இல்ல. மோட்டர் போட ஏலாமப் போச்சி. சனம் ஆர ஏசிச்சி? என்னயத்தான்!"

ஹவுழ் தண்ணீருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? குணம் காதை மூடிக்கொண்டான். றாஹிலா மட்டும் தன் சின்னக் கொப்பியில் எதையோ எழுதினார்.

"பள்ளிச் சாவியெல்லாம் ஆருகிட்ட இரிக்கி?" என்று கேட்டார் அவர்.

மோதினார் இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். குணம் அசந்து போனான். அது சாவிக்கொத்து இல்லை, இரும்பு வாழைக்குலை. பெரிய வளையம், அதில் கொளுக்கி, அதில் முப்பத்தொரு சாவி. பெரிய கதவு, மோட்டர் அறை, மத்ரஸா, கடைகள், சவம் சுமக்கிற சந்தூக்கு வைக்கிற அறை. பூட்டே இல்லாத சாவிகள் மட்டும் பன்னிரண்டு.

"பூட்டு இல்லாத சாவிய ஏன் சுமக்கிறீங்க?"

"ஹாஜியார் கழட்ட விட மாட்டாரு. சாவி குறைஞ்சா தலைவர்ட மதிப்புக் குறைஞ்ச மாதிரியாம். மத்த நாளையில இது என்ட கையில. வியாழக்கிழமை ராத்திரி இஷாத் தொழுகைக்குப் பிறகு அவரு வாங்கிப் போயிருவாரு. வெள்ளிக்கிழமை சனம் பாக்க அவருதான் வந்து திறக்கணும். தலைவர் எண்டு தெரிய வேணாமா? கார்ச் சாவியையும் இதுலேயே கொளுவிக்குவாரு."

குணத்தின் மண்டைக்குள் பல்ப் எரிந்தது. டெஸ்ட் லாம்பை விடப் பிரகாசமாக எரிந்தது.

"மிஸ்! பூனை இல்ல மிஸ், சாவி! அந்தக் கீறல்!" என்று குரலை அடக்க முடியாமல் அடக்கினான். "பழைய காரில சாவி போடுற சுவிச் உள்ளுக்குத் தேஞ்சு போயிருக்கும். அதில இந்த வாழைக்குலையத் தொங்கவிட்டா? கார் நாப்பத்தஞ்சில நடுங்க, குலை ஆட, சாவி ஒரு மயிரிழை பின்னுக்கு வர, கரண்ட் கட்! ஹாஜியார் குலையத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போயிருவார். தனுசன் ஒத்தைச் சாவியோட வருவான், கார் சொன்னபடி கேக்கும். மூணு வெள்ளியும் இதுதான்!"

"ஓம்," என்றார் றாஹிலா. "மூணு வெள்ளியும்."

அந்த 'மூணு'வில் ஒரு அழுத்தம் இருந்தது. சந்தோஷத்தில் மிதந்த குணத்துக்கு அது காதில் ஏறவில்லை.

அசர் முடிந்தது. சபை உறுப்பினர்கள் ஏழு பேரும் பள்ளி வாசலில் கூடி நின்றார்கள். ஹாஜியார் நடுவில். மீராமுகைதீன், தொப்பியைச் சரிசெய்தபடி, ஓரத்தில். தனுசன் கராஜ் படியில் சாக்கு மூட்டையோடு நின்றான். தூக்குத் தண்டனைக்குத் தானே கயிறு கொண்டுவந்தவன் போல.

"ரிப்போட்?" என்று கை நீட்டினார் ஹாஜியார்.

"ஒரு சின்னச் சோதன பாக்கி இரிக்கி," என்றார் றாஹிலா. "கடற்கரை வீதியில ஒரு தரம் போய்த் திரும்புங்க. நீங்கதான் கார ஓடணும். மோதினார், சாவிக்கொத்தக் குடுங்க. வெள்ளிக்கிழமை மாதிரியே கொளுவிக்கிட்டு ஓடட்டும்."

ஹாஜியாரின் கை நீட்டிய இடத்திலேயே நின்றது. "சாவிக்கொத்து எதுக்கு?"

"என்ன ஹாஜியார், பயமா?" என்றார் மீராமுகைதீன்.

அதற்குப் பிறகு மறுக்க வழியில்லை. குணம் முன் சீட்டில் ஏறினான். பின் கதவைத் திறந்து நிஹ்லாவை ஏற்றினார் றாஹிலா. "அண்டைக்குப் போலப் பாரம் இரிக்கணும்," என்று ஒரு விளக்கம். பாரம் வேண்டுமென்றால் ஒரு மூடை நெல் போதுமே, அதுவும் வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பிள்ளை காரில் இருக்கவில்லையே என்று குணம் நினைத்தான். நினைத்ததோடு விட்டுவிட்டான்.

ஹாஜியார் இருபதில் ஓட்டினார்.

"ஹாஜியார், பின்னால ஒரு மாட்டு வண்டி ஹோர்ன் அடிக்குது."

"ரோட்டுல புள்ளைகள் திரியும் தம்பி."

"ரோட்டில ஒரு கோழிகூட இல்ல. நாப்பத்தஞ்சு, ஹாஜியார்."

முப்பது. முப்பத்தைந்து. பள்ளிவாசலை நோக்கித் திரும்பி வரும்போது நாற்பது. ஸ்டியரிங் மெல்ல நடுங்கத் தொடங்கியது. அப்போதுதான் குணம் அதைக் கண்டான். ஹாஜியாரின் ஒரு கை ஸ்டியரிங்கை விட்டு நழுவி, கைக்குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல, சாவிக்கொத்தின் அடியில் போய் நின்றது.

இதுதான் நோய் என்று இந்தக் கைக்கு யார் சொன்னது? நாங்களே மத்தியானம்தானே கண்டுபிடித்தோம்!

"ரெண்டு கையும் ஸ்டியரிங்கில, ஹாஜியார்," என்றான். குரலில் பகிடி இல்லை.

கை விலகியது. நாற்பத்தைந்து. கிலுங் கிலுங் கிலுங் என்று முப்பத்தொரு சாவியும் குதித்து ஆடின. என்ஜின் சட்டென்று அடங்கியது. கார் உருண்டு வந்து பள்ளி வாசலுக்குச் சற்று முன்னால் நின்றது. ஹாஜியார் திருப்பினார், ஸ்டார்ட் ஆனது, கையை எடுத்ததும் செத்தது. மறுபடி திருப்பினார், மறுபடி செத்தது.

சபை ஓடி வந்து சுற்றி நின்றது. குணம் இறங்கி வந்து, கொத்தைக் கழற்றி உயரத் தூக்கிக் காட்டினான். ஒற்றைச் சாவியைப் போட்டுத் திருப்பினான். கார் பவ்வியமாக ஓடியது.

"ஹாஜியார்ட கார நிப்பாட்டினது தனுசனும் இல்ல, மீராமுகைதீனும் இல்ல," என்றான். "தலைவர் பதவி! அதின்ட பாரம் தாங்க ஏலாமத்தான் கார் வெள்ளிக்கு வெள்ளி மயங்கி விழுந்திருக்கு."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியாரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். கெட்டிக்காரர்! "அல்ஹம்துலில்லாஹ், விசயம் வெளங்கிட்டு. தெரியாம நடந்த பிழ. தம்பி தனுசன், நீ கடையில இரி. மனசுல ஒண்டும் வெச்சிக்காத," என்று பெரிய மனது பண்ணினார். வழக்கு முடிந்தது என்று அவருடைய தோள்களும் தளர்ந்தன.

பின் கதவு திறந்தது.

"வாப்பா," என்றாள் நிஹ்லா. "செவ்வாய்க்கிழமையும் இந்தச் சத்தம்தான் கேட்டிச்சி."

சிரிப்பு நின்றுவிட்டது.

"கிலுங் கிலுங் எண்டு. நான் கார்ட சத்தம் எண்டு நெனச்சன்." அவள் குணத்தின் கையிலிருந்த கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை இது மோதினார்ட்டத்தானே இரிக்கணும்?"

எல்லாத் தலையும் மோதினார் பக்கம் திரும்பியது. மோதினாருக்கு ஒளிக்கத் தெரியாது. "அண்டைக்கு விடியச் சுபஹ் தொழுகை முடிஞ்சதும் ஹாஜியார்தான் வாங்கிப் போனாரு. பூட்டுக்கெல்லாம் எண்ணெய் போடணும் எண்டாரு. அதாலதானே மோட்டர் அறை திறக்க ஏலாம ளுஹருக்குத் தண்ணி இல்லாமப் போச்சி!"

"நான் வீட்ட போய்க் கை கால் கழுவி ஒளு எடுத்திட்டு ஓடி வந்தன்," என்று கொதித்தார் மீராமுகைதீன். அவருக்கு அதுதான் பெரிய அநியாயம்.

றாஹிலா ஒரு அடி முன்னால் வந்தார். "எண்ணெய் பூட்டுக்குத்தானே போடுறது ஹாஜியார்? பூட்டெல்லாம் இஞ்ச இரிக்க, சாவிய ஏன் அம்பாறைக்குக் கொண்டு போனீங்க?"

ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதை, ஆடே வந்து கேள்வி கேட்டால் ஓநாய் என்ன சொல்லும்? குணம் இந்தக் காட்சிக்காகக் காலையிலிருந்து பசித்திருந்தான். ஆனால் ஹாஜியாரின் முகம் சுருங்கிய சுருக்கத்தில் அவனுக்கே ருசிக்கவில்லை.

"மூணாவது வெள்ளி தொழுதிட்டு வந்தாப்பிறகு கண்டுபிடிச்சன்," என்றார் கிழவர் மெதுவாக. "குலையக் கழட்டினா ஓடுது, போட்டா நிக்குது. செவ்வாய்க்கிழமை... வீடு கட்டி முடிச்சிட்டன் மகள். நீ கொழும்புக்குப் போனா அந்த வீட்டுல ஆரு இரிக்கிறது?"

"வீடு எங்கயும் ஓடிப் போகாது வாப்பா." நிஹ்லா காரை விட்டு இறங்கி வந்தாள். "போகாத மகள் எண்டு சொல்லிரிக்கலாம். நான் சண்ட புடிச்சிரிப்பன், அழுதிரிப்பன், ஆனா உங்கள நம்பிரிப்பன். மூண்டரை மணித்தியாலம் வெயில்ல நிண்டு துஆ கேட்டேனே. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இரிந்தீங்க?"

சபை உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

கராஜ் படியிலிருந்து தனுசன் இறங்கி வந்தான். காலையில் நிமிராமல் கதைத்தவன், இப்போது நிமிர்ந்து நின்றான். "ஹாஜியார், மனசில வெச்சிக்காத எண்டு மெல்லமாச் சொன்னீங்க. என்ட வயரில கோளாறு எண்டு பஸார் முழுக்கச் சத்தமாத்தானே சொன்னீங்க? இதையும் சத்தமாச் சொல்லுங்க."

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். ஒரு தடவை சொன்னார், காற்றில் போனது. இரண்டாம் தடவை, பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குச் சொன்னார். "தனுசன் வேலையில ஒரு குத்தமும் இல்ல! பொய் சொன்னது நான்!"

தனுசன் தலையாட்டிவிட்டு, போய்ச் சாக்கைக் கவிழ்த்தான். ஸ்பானர்கள் சிமெந்துத் தரையில் கலகலவென்று கொட்டின. அன்றைக்கு அந்தத் தெருவில் கேட்ட சத்தங்களில் குணத்துக்குப் பிடித்தது அதுதான்.

றாஹிலா காரின் மூடியில் தாளை வைத்து எழுதி, சீலைக் குத்தி, நிஹ்லாவிடம் நீட்டினார். "வாகனம் ஏன் நிண்டிச்சி எண்டு ஆதாரத்தோட எழுதியிரிக்கன் மகள். ஒரு சொல்லும் கூட்டல்ல, குறைக்கவும் இல்ல. ஒங்கட வாப்பா கீழ கையெழுத்து வெக்கணும்."

ஹாஜியார் வாசித்தார். பேனாவைத் தேடித் தானே எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நிஹ்லா தாளை மடித்து வைத்துக்கொண்டாள். குணத்தின் கையிலிருந்த சாவிக்கொத்தை வாங்கி வாப்பாவின் கையில் கொடுத்தாள். காரைச் சுற்றிவந்து ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"ஏறுங்க வாப்பா. வீட்ட போவம்."

ஹாஜியார் பழக்கத்தில் முன் கதவைப் பிடித்தார்.

"பின் சீட்டு, வாப்பா."

நம்பிக்கையாளர் சபைத் தலைவர், முப்பத்தொரு சாவியையும் மடியில் வைத்துக்கொண்டு, பின் சீட்டில் போய் அடங்கி உட்கார்ந்தார். கார் புறப்பட்டது.

"மிஸ், இது முந்தியே தெரியுமா?" என்றான் குணம்.

"செவ்வாய்க்கிழமை தண்ணி இல்ல எண்டு மோதினார் சொன்னாரே. நீங்கதான் காதில வாங்கல்ல."

குணம் வீதியைத் திரும்பிப் பார்த்தான். கடற்கரை வீதியில் கார் வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. தூரத்தில் பதினாறு ஸ்ரீ இலக்கத்தகடு வெடவெடவென்று ஆடத் தொடங்கியதைக் கண்டதும், நாற்பத்தைந்து என்று அவனுக்குத் தெரிந்தது. கண் கொட்டாமல் பார்த்தான். தகடு ஆடிற்று, ஆடிற்று, பிறகு ஆட்டம் அடங்கியது. அவள் ஐம்பத்தைந்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.